அமெரிக்காவில் இரண்டே நாளில் கேஜ் மாற்றினார்களாமே, நமக்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம்?

போடிக்காரன்:

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். எங்கள் லைனின் கதை தேனி மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2010 டிசம்பரோடு மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள் (கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம், இதில் ஒரு மீட்டர்). மதுரையிலிருந்து தேனி வரைக்கும் அகலப்பாதையில் ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்து சேர்ந்தது 2023 ஜூன். மொத்தமே தொண்ணூறு கிலோமீட்டர் பாதைதான். ரயில் நின்றபோது ஐந்தாம் வகுப்பில் இருந்த பையன்கள் அது திரும்பி வருவதற்குள் காலேஜ் முடித்துவிட்டார்கள்.

இப்போது ஏன் இதை எடுக்கிறேன் என்றால், அமெரிக்க ரயில் வரலாறு பற்றி ஏதோ படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 1886-இல் அங்கே தென் மாநிலங்கள் முழுக்க இருந்த 5 அடி அகலப் பாதையை, மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டே நாளில் வடக்கத்திய அளவுக்கு மாற்றிவிட்டார்களாம். கிட்டத்தட்ட 11,500 மைல்! நம் கணக்கில் 18,000 கிலோமீட்டருக்கு மேல். கிரேன் கிடையாது, ஜே.சி.பி கிடையாது. சுத்தியலும் கடப்பாரையும்தான்.

இது நிஜமா, இல்லை ஊதிப் பெரிதாக்கிய கதையா? நிஜம் என்றால் அதே மாதிரி நம்மால் ஏன் செய்ய முடியவில்லை? ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். "நம்ம நாடு அப்படித்தான்" என்கிற பதில் வேண்டாம், அது எனக்கே தெரியும்.

---

சும்மா ஒருத்தன்:

அண்ணே, அவன் ஊரில் வேலை நடந்தது, நம்ம ஊரில் அடிக்கல் நாட்டு விழா நடந்தது. அவ்வளவுதான்.

---

பழைய பி.டபிள்யூ.ஐ:

நிஜம்தான் தம்பி. நான் தெற்கு ஜில்லாக்களில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். கேஜ் மாற்றும் வேலையிலும் நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு நாள். அது கல்யாணத்தில் முகூர்த்த நேரம் மாதிரி. தாலி கட்ட ஐந்து நிமிஷம்தான், அதற்காகக் கல்யாண வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்காக்காரர்கள் அந்த வருஷம் பிப்ரவரியிலேயே அட்லாண்டாவில் கூடித் தேதி குறித்துவிட்டார்கள். அப்புறம் மாதக்கணக்கில் தயாரிப்பு. தண்டவாளத்தை அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையோடு (ஸ்லீப்பர்) பிடித்திருக்கும் டாக் ஸ்பைக் ஆணிகளில், உள்பக்கத்தில் இருப்பதில் ஒன்று விட்டு ஒன்றை முன்கூட்டியே பிடுங்கிவிட்டார்கள். மூன்று அங்குலம் உள்ளே தள்ளி, தண்டவாளம் வந்து உட்கார வேண்டிய இடத்துக்கு ஏற்ற மாதிரி புது ஆணியை அடித்தும் வைத்துவிட்டார்கள். குறித்த நாள் அன்றைக்கு மிச்ச ஆணியைப் பிடுங்க வேண்டும், ஒரு பக்கத்துத் தண்டவாளத்தைக் கடப்பாரையால் நெம்பி உள்ளே தள்ள வேண்டும், வெளிப்பக்கம் ஆணி அடிக்க வேண்டும். முடிந்தது. இன்ஜின், வேகன் எல்லாவற்றிலும் சக்கரத்தை அச்சில் உள்ளே தள்ளிப் பொருத்தும் வேலை ஒர்க்‌ஷாப்புகளில் தனியாக நடந்துகொண்டிருந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். அவர்கள் அன்றைக்கு மாறியது வடக்கில் பொதுவாக இருந்த 4 அடி 8½ அங்குலத்துக்கு அல்ல, 4 அடி 9 அங்குலத்துக்கு. பென்சில்வேனியா ரயில் ரோடு அந்த அளவில் ஓடிக்கொண்டிருந்தது. அரை அங்குலம் வித்தியாசத்தில் வண்டி தாராளமாக ஓடும். பிறகு பராமரிப்பு வேலையோடு வேலையாக அதையும் சரிசெய்துகொண்டார்கள்.

இனி உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் பாதையைக் குறுக்கினார்கள், நாம் விரித்தோம். விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

குறுக்கும்போது கட்டை அதே கட்டை. 5 அடிப் பாதைக்குப் போட்ட ஸ்லீப்பர் 4 அடி 9 அங்குலத்துக்குத் தாராளமாகப் போதும். பாலம் அதே பாலம். பெரிய வண்டி போன வழியில் அதைவிடச் சின்ன வண்டிக்கு என்ன தடை? வளைவும் பிளாட்பாரமும் அப்படியே இருக்கும். உலகத்தில் இப்படி "ஒரே ராத்திரியில் மாற்றினார்கள்" என்று வரும் கதைகளை எடுத்துப் பாருங்கள், நான் படித்த வரையில் பெரும்பாலும் குறுக்கிய கதைதான். இங்கிலாந்தில் புருனெல் என்கிற இன்ஜினீயர் போட்ட கிரேட் வெஸ்டர்ன் பாதை 7 அடிக்குக் கால் அங்குலம் கூடுதல். அதன் கடைசிப் பகுதியை 1892 மே மாதம் ஒரு சனி ஞாயிறில் மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லண்டனில் கடைசி வண்டியை அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை சின்னப் பாதையில் வண்டி விட்டுவிட்டார்கள். நாலாயிரம் பேருக்கு மேல் வேலை செய்திருக்கிறார்கள். அங்கே தண்டவாளத்துக்கு அடியில் நீளவாக்கில் உத்தரம் போட்டு, நடுநடுவே குறுக்குக் கட்டை கொடுத்திருந்தார்கள். குறுக்குக் கட்டையை வேண்டிய அளவுக்கு அறுத்து, உத்தரத்தோடு தண்டவாளத்தை உள்ளே நகர்த்திவிட்டார்கள். இதுவும் குறுக்கியதுதான்.

நம் தமிழ்நாட்டிலேயே இது நடந்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-இல் ரயில் விட்டபோது அது அகலப்பாதை. மறு வருஷம் திருச்சி வரை போனது. 1870-களில் அதைப் பிடுங்கி மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து நாம் திரும்பவும் அகலப்பாதை ஆக்கினோம். வெள்ளைக்காரன் சிக்கனம் பார்த்துக் குறுக்கியதை விரிக்கும் செலவு நம் தலையில் விழுந்தது.

விரிப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். மீட்டர் கேஜின் மரக்கட்டை ஸ்லீப்பர் 1.83 மீட்டர் நீளம், அதாவது 6 அடி. அகலப்பாதையின் இடைவெளியே 1,676 மில்லிமீட்டர். அந்தக் கட்டையில் இரண்டு தண்டவாளத்தையும் ஏற்றினால் வெளியே மிஞ்சுவதற்குக் கட்டையே இல்லை. அகலப்பாதை ஸ்லீப்பர் 2.75 மீட்டர். ஆக ஒரு கட்டை விடாமல் அத்தனையும் வெளியே. நம் பக்கம் நிறைய இடங்களில் மரக்கட்டையும் கிடையாது, சி.எஸ்.டி-9 என்று வார்ப்பிரும்பில் செய்தது இருக்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புத் தட்டு, நடுவே இரண்டையும் இணைக்க ஒரு பட்டைக் கம்பி. கம்பியில் துளை போட்டு காட்டர் என்கிற ஆப்பை இறக்கியிருப்பார்கள். கேஜைப் பிடித்து வைத்திருப்பதே அந்த ஆப்புதான். துருப்பிடித்த காட்டரைச் சுத்தியலால் தட்டி எடுத்த கேங்மேன்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்பார்கள். அதை இழுத்து நீட்டவா முடியும்? அப்படியே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

தண்டவாளமும் உதவாது. மீட்டர் கேஜில் கெஜத்துக்கு 60 ராத்தல், 75 ராத்தல் எடையுள்ள தண்டவாளம். இன்றைக்கு அகலப்பாதையில் மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ. 60 ராத்தல் தண்டவாளம் மீட்டருக்கு 30 கிலோதான் வரும், அதாவது இன்றைக்குப் போடுவதில் பாதி. ஓடப்போகிற வண்டியின் பாரம் கூடுகிறது, அதனால் பாலத்தைத் தாங்கும் உத்தரம் (கர்டர்) புதிது. மண்கரை அகலம் போதாது, ஜல்லி அதிகம் வேண்டும். வண்டியே அரை மீட்டர் அகலம் கூடுதல், அதனால் பிளாட்பாரத்தை வெட்டித் தள்ளிக் கட்டி உயர்த்த வேண்டும்.

இதையெல்லாம் விட வளைவு. நம் விதிப்படி மீட்டர் கேஜில் 16 டிகிரி வளைவு வரைக்கும் விடலாம், ஆரம் 109 மீட்டர். அகலப்பாதைக்கு 10 டிகிரிதான், ஆரம் 175 மீட்டர். மலையோரமாக வளைந்து நெளிந்து போன பழைய பாதையில் அகலப்பாதை அப்படியே உட்காராது. நிலம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் பாறையை உடைக்க வேண்டும். உங்கள் லைனிலேயே ஆண்டிப்பட்டிக் கணவாயில் பாறை உடைத்ததைப் பார்த்திருப்பீர்களே. செங்கோட்டை – புனலூர் இன்னும் மோசம். 1904-இல் திறந்த மலைப்பாதை அது. குகைகளை அகலப்படுத்தி, கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்தைப் பலப்படுத்தி, 2010-இல் மூடியதை 2018-இல்தான் திறக்க முடிந்தது.

ஆக, இதற்குப் பெயர்தான் கேஜ் மாற்றம். நடப்பது என்னவோ பழைய பாதையின் இடத்தில் புதுப் பாதை போடுவது. அதற்காகப் பன்னிரண்டு வருஷம் நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்கு வேண்டியது மூன்று நாலு வருஷம். மிச்சமெல்லாம் பணம் துளித்துளியாக வந்த கதை. கூட்டம் அதிகமுள்ள பெரிய பாதைகள் முதலில், கிளைப் பாதைகள் கடைசியில். 1992-இல் ஒரே கேஜ் திட்டம் தொடங்கியதிலிருந்தே வரிசை அப்படித்தான்.

---

போடிக்காரன்:

ஐயா, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ரொம்ப நன்றி. கணவாயில் பாறை உடைத்ததை நேரிலேயே பார்த்தேன், அது வளைவுக்காக என்று இப்போதுதான் தெரிகிறது.

இன்னும் ஒரு சந்தேகம். மீட்டர் கேஜை நிறுத்தாமலேயே பக்கத்தில் மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் போட்டு இரண்டு வண்டியையும் விட்டிருக்கலாமே? பங்களாதேஷில் அப்படி இருக்கிறது என்கிறார்களே? அப்புறம், மீட்டர் கேஜ் என்கிற இந்த யோசனையை முதலில் யார் கொடுத்தது?

---

பழைய பி.டபிள்யூ.ஐ:

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். டல்ஹவுசி காலத்தில் 5 அடி 6 அங்குலம் என்று முடிவானது. 1853-இல் பம்பாய் – தாணே, 1856-இல் ராயபுரம் – வாலாஜா ரோடு, இரண்டும் அந்த அளவுதான். பிறகு கஜானா காலி. 1870-இல் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, கூட்டம் குறைவான பகுதிகளுக்குச் செலவு குறைந்த பாதை போதும் என்று முடிவெடுத்தார்கள். 2 அடி 9 அங்குலம் என்றது ஒரு கட்சி, 3 அடி 6 அங்குலம் என்றது இன்னொரு கட்சி. நடுவில் 3 அடி 3 அங்குலத்தில் வந்து நின்றார்கள். அந்தச் சமயத்தில் இந்தியாவுக்கு மெட்ரிக் அளவு கொண்டுவரும் பேச்சும் நடந்ததால் அதை ஒரு மீட்டராகவே வைத்துவிட்டார்கள். மெட்ரிக் என்னவோ 1950-களில்தான் வந்தது, மீட்டர் பாதை முன்னாடியே வந்துவிட்டது.

மூன்றாவது தண்டவாளம் முடியும். 1,676-க்கும் 1,000-க்கும் நடுவே 676 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. பங்களாதேஷில் ஜமுனா பாலத்தில் அப்படித்தான் போட்டார்கள். ஆனால் நான் மேலே சொன்ன பட்டியலைத் திரும்பப் பாருங்கள். மூன்றாவது தண்டவாளம் போட வேண்டும் என்றாலும் கட்டை புதிது, கர்டர் புதிது, வளைவு, குகை எல்லாம் அகலப்பாதை அளவுக்கு வேண்டும். மிச்சமாவது ஒன்றும் இல்லை. மேலதிகமாக, பாதை பிரியும் இடத்தில் இருக்கும் ஒவ்வொரு பாயிண்டும் இடியாப்பச் சிக்கல் ஆகிவிடும்.

எல்லா அளவுக்கும் இது நடக்காது என்பதும் தெரிந்துகொள்ளுங்கள். ரஷ்ய அளவு 1,520, ஐரோப்பிய அளவு 1,435. வித்தியாசம் 85 மில்லிமீட்டர். தண்டவாளத்தின் அடிப்பாதமே அதைவிட அகலம். இரண்டு தண்டவாளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடமே கிடையாது. நாலு தண்டவாளம் போட வேண்டும், இல்லையென்றால் எல்லையில் வண்டியை நிறுத்திச் சக்கரத்தை மாற்ற வேண்டும்.

---

நாடோடி வேலு:

சக்கரம் மாற்றுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், சில வருஷங்களுக்கு முன்னால். பெய்ஜிங்கிலிருந்து உலான்பாட்டர் போகிற ரயிலில். சீனாவின் கடைசி ஊர் எரென்ஹோட். அங்கே ராத்திரி நேரத்தில் ரயிலை ஒரு நீளமான கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் பெட்டியிலேயே இருந்தோம். ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றித் தனித்தனியாக நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறை இடித்து நிறுத்தும்போதும் மேஜையில் இருந்த டீ கோப்பை நகர்ந்தது. பிறகு பெட்டியின் நாலு மூலையிலும் மின்சார ஜாக்கி. நகர்வதே தெரியவில்லை, பக்கத்துப் பெட்டியின் ஜன்னல் கீழே இறங்குகிற மாதிரி இருந்ததை வைத்துத்தான் நாங்கள் மேலே போகிறோம் என்று புரிந்தது.

பெட்டியும் போகியும் (சக்கரங்கள் பொருத்திய அடிச்சட்டம்) ஒட்டிக்கொண்டிருப்பது நடுவில் இருக்கும் ஒரு பிவட்டில்தான். தூக்கியதும் 1,435 அளவுப் போகிகளை ஒரு பக்கமாக உருட்டி எடுத்தார்கள், மங்கோலியாவின் 1,520 அளவுப் போகிகள் இன்னொரு பக்கத்திலிருந்து உருண்டு வந்தன. கீழே ஒருவர் குனிந்து கை காட்டக் காட்ட, பெட்டியை மெல்ல இறக்கி உட்கார வைத்தார்கள். வேலை சுத்தமாகத்தான் நடந்தது. ஆனால் இமிகிரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்ந்து மணிக்கணக்கில் ஆயிற்று, அந்த நேரம் முழுக்கக் கழிப்பறையைப் பூட்டிவிடுகிறார்கள். போகிறவர்கள் அதற்கு ஏற்ற மாதிரி டீ குடியுங்கள். சாப்பாட்டுப் பெட்டிக்குச் சக்கரம் மாற்றுவதில்லை, பெட்டியையே மாற்றிவிடுகிறார்கள். எல்லையில் சீனச் சமையல் போய் மங்கோலியச் சமையல் வந்துவிடும்.

ஸ்பெயின்காரர்கள் இதைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்கள் பழைய பாதை 1,668, பிரான்ஸில் 1,435. டால்கோ ரயில்கள் எல்லையில் ஒரு கொட்டகைக்குள் மெதுவாக ஊர்ந்து போகும்போதே சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து பூட்டிக்கொள்ளும். 1960-களின் கடைசியிலிருந்தே ஓடுகிறது. 1992-இல் மாட்ரிட் – செவில் அதிவேகப் பாதையை அவர்களே 1,435-இல் போட்டுவிட்டதால், இப்போது நாட்டுக்குள்ளேயே இந்த வித்தை தேவைப்படுகிறது.

---

கொடிகாமம்:

நல்ல இழை. எங்கட பக்கக் கதையையும் சொல்லிவிடுறன்.

இலங்கையில் 1864-இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் ரயில் விட்டபோதே 5 அடி 6 அங்குலம்தான். களனிப் பள்ளத்தாக்குப் பாதை 2 அடி 6 அங்குலக் குறும்பாதை, அதையும் 1990-களில் அகலமாக்கிவிட்டினம். மீட்டர் கேஜ் எங்களிட்ட இருந்ததே இல்லை. ஆனபடியால் 1914-இல் பாம்பன் பாலம் திறந்து போட் மெயில் ஓடத் தொடங்கியபோது விசித்திரமான நிலைமை. சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை மீட்டர் கேஜ், பிறகு கப்பல், தலைமன்னாரில் இறங்கினால் அகலப்பாதை. கடலுக்கு மேலால் பாலம் போட்டிருந்தாலும் வண்டி நேரே வந்திருக்காது. 1964 புயலில் தனுஷ்கோடிப் பாதை போய்விட்டது. பாம்பன் பாதையை 2007-இல் அகலமாக்கினார்கள். எங்கட பக்கம் போரில் அழிந்த வடக்குப் பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனம் திரும்பப் போட்டு, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015-இல் தலைமன்னாருக்கும் ரயில் வந்தது. இப்ப இரண்டு கரையிலும் ஒரே அகலம், நடுவில் கப்பல்தான் இல்லை! அகலம் ஒன்றாக இருந்ததில் ஒரு லாபம்: பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் (ஐ.சி.எஃப்) செய்த ரயில்கள் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி எங்கட தண்டவாளத்தில் அப்படியே ஓடுது.

பி.டபிள்யூ.ஐ ஐயாவிடம் ஒரு கேள்வி. அகலப்பாதைக்கு 175 மீட்டர் ஆரம் வேண்டும் என்கிறீர்கள். பதுளைக்குப் போகும் எங்கட மலைநாட்டுப் பாதை அகலப்பாதைதான். அதில் ஐந்து செயின் ஆர வளைவுகள் இருக்கு, அதாவது நூறு மீட்டர்தான். ஏற்றம் 44-க்கு ஒன்று, அதாவது 44 அடி போனால் ஒரு அடி ஏறும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஓடுது. அப்ப போடிக்கும் செங்கோட்டைக்கும் ஏன் முடியாது?

---

பழைய பி.டபிள்யூ.ஐ:

சரியான கேள்வி. முடியாது என்பது இயற்பியல் அல்ல, நான் சொன்னது இந்திய விதி. வேகத்தை நன்றாகக் குறைத்து, அந்த வளைவில் மடங்கிப் போகக்கூடிய இன்ஜினை மட்டும் விடுவது என்றால் நூறு மீட்டரிலும் அகலப்பாதை ஓடும், உங்கள் பதுளைப் பாதையே சாட்சி. ஆனால் இங்கே கேஜ் மாற்றுவதன் நோக்கமே எந்த ஊர்ப் பெட்டியும் எந்த ஊர் இன்ஜினும் தங்குதடையின்றி வர வேண்டும் என்பதுதான். சென்னையிலிருந்து வரும் 23 மீட்டர் நீளப் பெட்டி போடிக்கு அப்படியே போக வேண்டும். அந்த ஒரு பாதைக்கென்று தனி வண்டி வைப்பதானால் மீட்டர் கேஜையே வைத்திருக்கலாமே.

விதி பற்றிப் பேசும்போது இன்னொன்று. 1,676 என்று எல்லோரும் எழுதுகிறோம், நானும் எழுதினேன். இன்றைய கான்கிரீட் ஸ்லீப்பரில் நேர்ப்பாதைக்கு வைப்பது 1,673. மூன்று மில்லிமீட்டர் இறுக்கினால் வண்டி ஆடுவது குறையும். ரஷ்யாக்காரன் 1,524-ஐ 1,520 ஆக்கியதும் இந்த வகைதான். பின்லாந்து இன்னும் 1,524-லேயே இருக்கிறது, ஆனாலும் ரஷ்ய வண்டிகள் அங்கே போய் வந்துகொண்டுதான் இருந்தன. நாலு மில்லிமீட்டரைச் சக்கரம் பொறுத்துக்கொள்ளும், எண்பத்தைந்தைப் பொறுக்காது.

---

சும்மா ஒருத்தன்:

ஐயா, நான் முதலில் கிண்டலாகப் போட்டேன், ஆனால் முழுசும் படித்தேன். அப்படியே ஊட்டி ரயிலை எப்போது அகலமாக்குவார்கள் என்றும் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு டிக்கெட் கிடைக்கவே மாட்டேன் என்கிறது.

---

பழைய பி.டபிள்யூ.ஐ:

ஆக்க மாட்டார்கள் தம்பி. கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் ஏற்றம் 12-க்கு ஒன்று. வெறும் சக்கரத்தின் பிடியில் அந்த ஏற்றத்தில் வண்டியை நம்பி விட முடியாது. நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை போட்டு, இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் போட்டது. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். இனி அதைத் தொட யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது.

இரண்டு கேஜையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க ஆசை இருந்தால் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்குங்கள். ஒரு பக்கம் நீங்கள் வந்த அகலப்பாதை வண்டி, இன்னொரு பக்கம் மலை வண்டி நிற்கும். மலை வண்டியில் டிக்கெட் கிடைக்காவிட்டாலும் பிளாட்பாரத்தில் நின்று தண்டவாளத்தைப் பார்க்கலாம், பிளாட்பாரம் டிக்கெட் பத்து ரூபாய்தான்.